மஞ்சள் ஸ்டிக்கர்

கம்பம்
23 ஜூன் 2024

அன்புள்ள ரஃபியா அக்காவுக்கு, தம்பி அப்சல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் லத்திபாவும் மகள் அப்ரினும் சுகம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மச்சானுக்கு இருமல் நின்றதா? மேகமலையில் செல்போன் டவர் செத்து ஆறு மாதமாகியும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று ராக்கப்பன் அண்ணன் சொன்னார். அவர் மேகமலை பஸ்ஸை ஓட்டும் வரை அவர்தான் நமக்குத் தபால்காரர்.

பெருநாளைக்கு நீ வரவில்லை. உன் பங்குக் கறியையும் நானே தின்றுவிட்டேன், வருத்தப்படாதே.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. குவைத்திலிருந்து வந்து பதினாலு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். லத்திபா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வேலை என்னவென்றால், காலேஜ், ஆஸ்பத்திரி, மில் கேன்டீன்களில் போனைக் காட்டிப் பணம் கட்டினால் பாட்டில் விழுகிற கண்ணாடிக் கதவு மிஷின் நிற்குமே, அதற்குள் இருக்கிற பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. டியூப் போட வேண்டும். தேனியிலிருந்து கூடலூர் வரை அறுபத்துநாலு மிஷின். டியூப்லைட் ராப்பகலாக எரிந்து பாட்டிலைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை ஆற்றக் கம்ப்ரசர் ஓடுகிறது. இரண்டுக்கும் கம்பெனி பில் கட்டுகிறது. இத்தனை வருஷம் கழித்து யாருக்கோ இது உறைத்திருக்கிறது.

சோக், ஸ்டார்ட்டர் இரண்டையும் எடுத்துவிட்டு டியூபின் ஒரு நுனிக்கு நேராகக் கரண்ட் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு அதில் தெரியாத்தனமாகப் பழைய டியூபை மாட்டினால் நுனி வெடிக்கும். அதனால் கதவுக்கு உள்பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மின்னல் படம், கீழே இரண்டு வரி. சூப்பர்வைசர் விஜய்பாண்டி முதல் நாளே சொன்னதெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஒரு விசேஷம். உன் டிஸ்பென்சரியில் கூடமாட வேலை செய்கிற அன்னத்தாயின் வீட்டுக்காரர் தங்கபாண்டி அண்ணன்தான் சின்னமனூர் பக்கத்து மிஷின்களில் பாட்டில் அடுக்குகிறவர். ரெஜிஸ்டரில் கைநாட்டு வைக்கிற மனிதர், ஆனால் எந்த நம்பர் தட்டில் எது தீர்ந்தது என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடுகிறார். கழற்றிய டியூபில் நன்றாக எரிகிறவற்றைத் தூக்கிப் போட மனசு வராமல் நாலை அவரிடம் கொடுத்தேன். மேலே எஸ்டேட் லைன் வீட்டில் மாட்டிக்கொள்வாராம்.

மச்சானுக்கு சலாம் சொல்.

உன் தம்பி
அப்சல்

மேகமலை
7 ஜூலை 2024

தம்பி அப்சலுக்கு, வ அலைக்கும் ஸலாம். மூட்டு வலி இருக்கிறது, மச்சானுக்கு இருமலும் இருக்கிறது. இரண்டும் எங்களை விட்டுப் போகிற உத்தேசத்தில் இல்லை. மற்றபடி சுகம்.

வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. இரண்டு ரக்அத் தொழுதேன்.

தங்கபாண்டி அண்ணன் சனிக்கிழமை மேலே வந்தபோது டியூபையெல்லாம் துண்டில் சுற்றிப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தார். இரண்டை வீட்டில் மாட்டியாகிவிட்டது. மீதி இரண்டைச் சின்னமனூர் ரூமில் பத்திரமாக வைத்திருக்கிறாராம். "ஒங்க தம்பி நல்ல மாதிரி நர்சம்மா, அண்ணே அண்ணேன்னு வாய் நிறையக் கூப்புடுறாரு" என்றார். வீட்டில் என்னிடம் மட்டும்தான் நீ அப்படி இருப்பதில்லை.

பைக்கில் பார்த்துப் போ. வெயிலில் வெறும் வயிற்றோடு அலையாதே.

அக்கா ரஃபியா

கம்பம்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு சலாம். எல்லோரும் சுகம். அங்கே மழை பலமா?

அலுப்பாக இருக்கிறது அக்கா. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்புவதற்கு இருட்டிவிடுகிறது. மிஷினுக்குள் தலையை விட்டு, கழுத்தைச் சாய்த்தே வேலை பார்க்க வேண்டும். ஒரு தோள் மேலேயும் ஒரு தோள் கீழேயுமாக ஆகிவிட்டேன் என்று அப்ரின் சிரிக்கிறாள்.

ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு. சின்னமனூர் காலேஜ் கேன்டீனில் ஆரம்பித்து இதுவரை பதினொரு மிஷினுக்கு ஒட்டாமலே கதவைச் சாத்தியிருக்கிறேன். விஜய்பாண்டியிடம் கேட்டால், "வேலையை நிறுத்தாதீக, ரோல் வந்ததும் போற போக்குல ஒட்டிக்கிரலாம்" என்கிறார். எந்தெந்த மிஷின் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

தூக்கம் வருகிறது. மற்றவை பிறகு.

அப்சல்

மேகமலை
11 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு சலாம். இங்கே ஒன்பது நாளாக வெயிலே இல்லை. காயப்போட்ட துணியிலெல்லாம் பூஞ்சை வாடை. டிஸ்பென்சரியில் காய்ச்சல் கூட்டம் தாங்கவில்லை, அன்னத்தாய் இல்லாவிட்டால் நான் படுத்திருப்பேன்.

கழுத்துக்கு இரவில் உப்பு ஒத்தடம் கொடு. லத்திபாவிடம் சொல், அவள் செய்வாள். ஸ்டிக்கர் வந்துவிட்டதா? அந்தப் பதினொன்றையும் முதலில் முடித்துவிடு. மறதி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அக்கா

கம்பம்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு சலாம். சுகம். ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை.

ஐம்பத்தெட்டு மிஷின் முடிந்தது. விஜய்பாண்டி அடுத்த வருஷம் திண்டுக்கல் பக்கமும் என்னையே அனுப்புவதாகச் சொன்னார். பதினைந்து பேர் கேட்டார்களாம், என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். அப்ரினை அடுத்த வருஷம் நர்சிங் சேர்க்கலாம் என்று லத்திபா இப்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். அத்தை மாதிரி வரணுமாம். வேண்டாம், அத்தை மாதிரி வாய் வந்துவிடும் என்றேன்.

மச்சானுக்குக் கம்பளி கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அப்சல்

மேகமலை
15 செப்டம்பர் 2024

தம்பி அப்சலுக்கு, அக்கா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கம்பளி வந்தது. நாங்கள் இருக்கிறோம்.

தங்கபாண்டி அண்ணனுக்குக் கையில் பெரிய அடி. உனக்குத் தெரிந்திருக்கும். சின்னமனூர் காலேஜ் கேன்டீன் மிஷினில் லைட் அணைந்துவிட்டது. உள்ளே இருட்டாக இருந்தால் மிஷின் ரிப்பேர் என்று நினைத்துப் பிள்ளைகள் பணம் கட்ட மாட்டார்கள், விற்கவில்லை என்றால் இவரைத்தான் திட்டுவார்கள். நாலு நாள் சொல்லியும் ஆள் வரவில்லை. ரூமில் இருந்த பழைய டியூபில் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார். மாட்டின கையிலேயே வெடித்துவிட்டது. கண்ணாடி உள்ளங்கையைக் கிழித்து வலது கையில் மோதிர விரல், சுண்டு விரல் இரண்டுக்கும் நரம்பு அறுந்துபோச்சு. தேனியில் ஆப்பரேஷன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் நான்தான் கட்டு மாற்றுகிறேன்.

வலி என்று வாய் திறக்க மாட்டேன் என்கிறார். அன்னத்தாய்தான் வெளியே போய் நின்று அழுகிறாள். "ஒரு நா இவரு வேலையில பிசகுனது இல்ல நர்சம்மா. இப்பக் கம்பெனிக்காரவுக வந்து தப்பு ஒங்களதுதேன்னு சொல்லி கைநாட்டு வாங்கிட்டுப் போய்ட்டாக" என்கிறாள்.

எனக்குக் கரண்ட் சமாச்சாரம் தெரியாது. நீ விசாரித்து, எப்படி நடந்தது என்று எழுது. தப்பு அவர்மேல் இல்லையென்றால் கம்பெனியிடம் பேசலாம் அல்லவா?

அக்கா ரஃபியா

கம்பம்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மன்னித்துக்கொள், பதில் எழுத நேரமே கிடைக்கவில்லை. உன் உடம்பு எப்படி? மச்சான் சுகமா? மழையில் மலை ரோடு சரிந்தது என்று கேள்விப்பட்டேன்.

இங்கே பன்னீர்த் திராட்சை நல்ல காய்ப்பு. சுருளிப்பட்டியில் தோட்டத்திலேயே போய் வாங்கினேன். ராக்கப்பன் அண்ணனிடம் நாலு கிலோ கொடுத்திருக்கிறேன், இரண்டு உனக்கு, இரண்டு அன்னத்தாய் வீட்டுக்கு. அப்ரினுக்குக் காலாண்டுப் பரீட்சையில் நல்ல மார்க். லத்திபாவின் தம்பிக்கு உத்தமபாளையத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள், நல்ல குடும்பம், பெண் பி.காம். வீட்டுக் கூரையில் ஒழுகின இடத்தைப் பூசிவிட்டேன். பூசினதற்கு அப்புறம் வேறு இடத்தில் ஒழுகுகிறது. பைக்குக்கு இரண்டு டயரும் மாற்றினேன். கழுத்து வலி முழுக்கப் போய்விட்டது.

அறுபத்துநாலும் முடிந்தது. பையில் புண்ணுக்குப் போடுகிற ஆயின்ட்மென்ட் நாலு டியூப் வைத்திருக்கிறேன், நல்ல கம்பெனி. தங்கபாண்டி அண்ணனுக்குப் போட்டுவிடு. அவரை நன்றாகப் பார்த்துக்கொள் அக்கா.

அப்சல்

மேகமலை
27 அக்டோபர் 2024

தம்பிக்கு சலாம். திராட்சை வந்தது, பாதி நசுங்கியிருந்தது, இனிப்புதான். ஆயின்ட்மென்டும் வந்தது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று மறுபடியும் கேட்கிறேன்.

தங்கபாண்டி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மிஷினிலிருந்து கழற்றின டியூபைத் திருடி வைத்திருந்தார், அதை மாட்டித்தான் வெடித்தது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை அன்னத்தாய்க்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். 'திருட்டு' என்ற சொல்லையும் வாசிக்க வேண்டியிருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"டியூபை எந்தம்பி குடுத்தான்னு அவுககிட்டச் சொல்ல வேண்டியதுதானே அண்ணே" என்றேன். "வேணாம் நர்சம்மா, அந்தத் தம்பி ஒரு வருசம் வேலயில்லாம இருந்து இப்பத்தான் எந்திரிச்சிருக்காரு. நாஞ் சொல்லப்போயி அவரு பொழப்புல மண்ணு விழுகவா" என்றார்.

இந்த ஒன்றையாவது செய். டியூபைக் கொடுத்தது நான்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அந்த மனிதர் திருடன் இல்லை என்றாவது ஆகட்டும்.

அக்கா

மேகமலை
24 நவம்பர் 2024

அப்சலுக்கு,

நாலு வாரம் ஆகிவிட்டது. போன வியாழக்கிழமை நீ சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் ராக்கப்பன் அண்ணன் வண்டிப் பக்கம் வந்து நின்றாயாம். "டீ குடிப்போமா"ன்னு கேட்டாயாம். குடித்துவிட்டு, கடுதாசி ஒன்றும் கொடுக்காமல் போய்விட்டாயாம். அவர் சொல்லி வருத்தப்பட்டார், உனக்கு உடம்பு சரியில்லையோ என்று.

நேற்று உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். பதில் எழுதாதவனுடைய பழைய கடிதங்களைத்தானே படிக்க முடியும். ஜூனில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் எதற்கு என்று எழுதியிருக்கிறாய். ஜூலையில் தீர்ந்துபோச்சு என்று எழுதியிருக்கிறாய், எந்தக் கேன்டீனில் ஆரம்பித்து என்பதையும் எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில் நான் கேட்டேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சே உன் கடிதத்தில் இல்லை. கூரை ஒழுகினது வரைக்கும் எழுதினவன் அதை மட்டும் எழுதவில்லை.

எனக்குக் கரண்ட் தெரியாதுதான். உன்னைத் தெரியும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒட்டினாயா இல்லையா?

ரஃபியா

கம்பம்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம் சொல்லி ஆரம்பிக்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. ஒட்டவில்லை.

ஸ்டிக்கர் ரோல் ஆகஸ்ட் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது அக்கா. அன்றிலிருந்து என் பையில்தான் இருந்தது. புதிதாகச் செய்த மிஷினுக்கெல்லாம் ஒட்டினேன். பழைய பதினொன்றுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்தக் காலேஜ் கேட்டை அந்த மாதத்தில் ஆறு தடவை பைக்கில் கடந்து போயிருக்கிறேன். வண்டியை நிறுத்தி, வாட்ச்மேனிடம் பெயர் எழுதி, கேன்டீன் சாவி வாங்கி, ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவதற்கு கால் மணி நேரம் போதும். ஒவ்வொரு தடவையும் அலுப்பாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன்.

அடிபட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே ஓடிப்போய் அந்தப் பதினொன்றுக்கும் ஒட்டினேன். அதில் ஒன்றான அந்தக் காலேஜ் கேன்டீன் மிஷினுக்கும் ஒட்டினேன். தரையில் இன்னும் கண்ணாடித் தூள் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் கம்பெனி ஆள் வந்து பார்த்தபோது, ஸ்டிக்கர் இருந்ததே, பார்க்காமல் மாட்டியது இவர் தப்பு என்று எழுதிவிட்டார். இதைத்தான் உனக்கு எழுத முடியவில்லை.

மூன்று மாதமாக ஒன்றைச் சொல்லித்தான் சோறு தின்றேன். தங்கபாண்டி அண்ணன் கைநாட்டு. ஒட்டியிருந்தாலும் அவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்காது, அப்போதும் இதேதான் நடந்திருக்கும் என்று. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொள்வேன்.

உன் கடிதம் வந்த பிறகு அதுவும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை தேனி கம்பெனி ஆபீசுக்குப் போய், டியூபைக் கொடுத்தது நான், ஒட்டாமல் விட்டது நான், பிறகு போய் ஒட்டியதும் நான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். விஜய்பாண்டி வாசித்துவிட்டு, "இத நீங்க எழுதாமயே இருந்திருக்கலாமேய்யா" என்றார். பையையும் ஐ.டி. கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். திண்டுக்கல் போச்சு. லத்திபாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அப்ரினைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அவரிடம் நேரில் வந்து சொல்லத்தான் வேண்டும். பஸ் ஸ்டாண்ட் வரை வந்தேன், ஏற முடியவில்லை. இந்தக் கடிதத்தை நீயே அவருக்கு வாசித்துக் காட்டு. எதையும் விட்டுவிடாதே. அந்தக் கைநாட்டு விஷயத்தையும் வாசி.

அப்சல்

மேகமலை
5 ஜனவரி 2025

தம்பி அப்சலுக்கு, அக்கா ரஃபியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் மூவர் உடம்பும் நன்றாக இருக்க துஆ செய்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் டிஸ்பென்சரி மேசையிலேயே வைத்திருந்தேன். கோபமாக இருந்தேன், இன்னும் இருக்கிறேன். அந்தக் கையை முப்பது தடவைக்கு மேல் கட்டுப் பிரித்துப் பார்த்தவள் நான். உன் ஆயின்ட்மென்டைப் போட்டதும் நான்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து வாசித்தேன். நீ சொன்ன மாதிரி எதையும் விடவில்லை. அன்னத்தாய் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அவளை நான் கூப்பிடவில்லை. அவர் கடைசிவரை கேட்டார். அந்த ஸ்டிக்கரில் என்னதான் எழுதியிருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, இரண்டு வரி, மேலே மின்னல் படம் என்று உன் ஜூன் மாதக் கடிதத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"மின்னல் படமா?" என்றார். "எழுத்துத்தேன் எனக்குத் தெரியாது நர்சம்மா. மின்னல் படம் தெரியுமே. டிரான்ஸ்பார்மர்ல போட்ருப்பாகளே. அதப் பாத்திருந்தா கைய வச்சிருக்க மாட்டேனே. தம்பிக்கு ஒரு போனப் போட்டு என்னன்னு கேட்ருப்பேன்."

அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உன்னைத் திட்டவும் இல்லை. சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், நீ எனக்கு எழுதின மாதிரி.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து காகிதம் வந்தது. திருட்டு என்று எழுதியதை அடித்துவிட்டார்களாம். வேலையைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. திருட்டு இல்லை என்ற இடத்தை அன்னத்தாய் என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதற்கு நீ எழுதிக் கொடுத்ததுதான் காரணம் என்பதையும் சொன்னேன்.

காயம் ஆறிவிட்டது. விரல் இரண்டும் மடங்கவில்லை. தினமும் வெந்நீரில் வைத்து, எண்ணெய் தடவி, அரை மணி நேரம் பிடித்து மடக்கி நீட்டிவிட வேண்டும். ஆறு மாதம் விடாமல் செய்தால் கொஞ்சம் மடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மடங்காமலும் போகலாம். மற்ற நாளில் நான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வந்து செய். காலை பஸ்ஸில் உனக்கு ஒரு சீட் போட்டு வைக்கும்படி ராக்கப்பன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நீ வருவாய் என்று தங்கபாண்டி அண்ணனிடமும் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த விரலை மடக்கும்போது வலிக்கும், அவர் வாய் திறக்க மாட்டார். முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

அலுப்பாக இருக்கிறது என்று வராமல் இருந்துவிடாதே.

அக்கா ரஃபியா